டிப்ளமோ படித்த சிஎன்சி செட்டருக்கு அடுத்த படி எது?

குறிச்சி_செட்டர்:

வணக்கம். 2018-ல் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தேன், அப்போதிருந்து கோவை சிட்கோ பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், கப்ளிங், கொஞ்சம் ஆட்டோ பார்ட்ஸ் ஓடும், மொத்தமே நாற்பது பேர்தான். ஆபரேட்டராகச் சேர்ந்தேன், இப்போது டர்னிங் சென்டர் (கம்ப்யூட்டரில் ஓடும் லேத்), விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) இரண்டிலும் செட்டிங் போடுகிறேன், அதாவது பார்ட்டுக்கு ஏற்ப மெஷினைத் தயார் செய்கிறேன், ஆஃப்செட், டூல் மாற்றம், ஃபானுக் கன்ட்ரோலில் சின்னச் சின்ன புரோகிராம் திருத்தம் எல்லாம் என் பொறுப்பு.

சம்பளம் மட்டும் பிரச்சினை இல்லை, ஓவர்டைம் சேர்த்தால் ஓரளவு ஓடிவிடுகிறது. வேலையே நின்றுபோன மாதிரி இருக்கிறது. காலையில் போனால் அதே பார்ட், அதே சைக்கிள் டைம். அளவு வந்தால் யாரும் பேச மாட்டார்கள், வராவிட்டால் எல்லோரும் பேசுவார்கள். பிஇ முடித்துப் புதிதாக வந்த பையனுக்கு மெஷினைக் காட்டிக் கொடுத்ததே நான்தான், இப்போது அவர் எனக்கு சூப்பர்வைசர். அவர் மேல் கோபமில்லை, நல்ல பையன். ஆனால் எனக்கு மேலே போக வழியே கிடையாதோ என்று தோன்றுகிறது. குவாலிட்டிக்கு மாற்றிவிடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார், அதற்கப்புறம் ஒரு தீபாவளியே போய்விட்டது.

இப்போது யோசிப்பது பார்ட் டைம் பிஇ சேர்வதா, மாஸ்டர்கேம் (மெஷினுக்குப் புரோகிராம் உருவாக்கும் சாஃப்ட்வேர்) மாதிரி ஏதாவது கோர்ஸ் போவதா (காந்திபுரத்தில் ஒரு இடத்தில் அறுபதாயிரம் சொல்கிறார்கள்), இல்லை பேசாமல் பெரிய கம்பெனிக்கு மாறிவிடுவதா. வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு ஓடுகிறது, அதனால் இரண்டு மூன்று வருடத்தைச் சும்மா வீணாக்க முடியாது. இதே மாதிரி இடத்திலிருந்து மேலே போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நேர்ப்பேச்சு:

முதலாளி "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம் ப்ரோ. நாற்பது பேர் கம்பெனியில் நல்ல செட்டரை மெஷினை விட்டு எடுத்தால் புரொடக்‌ஷன் படுத்துவிடும், அவர் ஏன் எடுக்கப் போகிறார். மாறிவிடுங்கள்.

ஓசூர்_குவாலிட்டி:

மேலே சொன்ன காரணம் சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி, நானும் டிப்ளமோதான். லேத்தில் ஆரம்பித்து இப்போது ஓசூரில் ஒரு ஆட்டோ சப்ளையரில் குவாலிட்டி பார்க்கிறேன், செட்டர்களை இன்டர்வியூ எடுப்பதும் என் வேலைதான். பெரிய கம்பெனியில் பெரும்பாலும் செட்டர் செட்டிங் மட்டும்தான் போடுவார், புரோகிராமுக்கு வேறு ஆள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேறு ஆள், ஃபிக்ஸ்சருக்கு வேறு ஆள். சம்பளமும் கேன்டீனும் பஸ்ஸும் நன்றாக இருக்கும், ஆனால் இப்போதே போனால் செட்டர் என்ற பெயரோடு அங்கேயே உட்கார்ந்துவிடுவீர்கள். சின்ன ஷாப்பில் யாரும் கூப்பிட்டுக் கற்றுத்தர மாட்டார்கள், சரி, ஆனால் எதைத் தொட்டாலும் யாரும் தடுக்கவும் மாட்டார்கள். அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டு அப்புறம் மாறுங்கள்.

இன்டர்வியூவில் நான் முதலில் ஒரு டிராயிங்கைத்தான் கையில் கொடுப்பேன். பல வருடம் செட்டிங் போட்டவர்கள்கூட அளவை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் பம்ப் ஷாஃப்ட்டையே எடுங்கள். பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ. ஜே6 (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதற்கான குறியீடு) என்றால் மேலே 9 மைக்ரான், கீழே 4 மைக்ரான், மொத்தமே 13 மைக்ரானுக்குள் பிடிக்க வேண்டும். அதை மைக்ரோமீட்டரில் பார்த்து ஓகே போட்டு அனுப்பிவிடுவீர்கள். ஆனால் இரண்டு பேரிங் இடங்களையும் டேட்டமாக (அளக்க ஆதாரமாக) வைத்து, இம்பெல்லர் உட்காரும் இடத்துக்கு ஒரு ரன்அவுட் (சுற்றும்போது எவ்வளவு ஆடலாம் என்ற வரம்பு) கட்டம் போட்டிருப்பார்களே, அதை யார் பார்க்கிறார்கள்? ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் பிடிக்கும்போது சாஃப்ட் ஜா (பார்ட்டைப் பிடிக்கிற, மெஷினிலேயே கடைந்துகொள்கிற தாடை) சரியாக போர் ஆகாமல் இருந்தால் விட்டமெல்லாம் அளவில்தான் இருக்கும், ஷாஃப்ட் மட்டும் சுற்றும்போது ஆடும், சீல் தேயும், கம்ப்ளைன்ட் வரும். குவாலிட்டிக்காரர் அந்தப் பார்ட்டை ஒதுக்கி வைப்பார், அவ்வளவுதான் அவரால் முடியும். ஏன் அப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர் நீங்கள், ஏனென்றால் ஜாவை போர் செய்தது நீங்கள். இப்படிக் காரணம் சொல்லத் தெரிந்த ஆளுக்குத்தான் வெளியே பஞ்சம்.

ஆக முதலில் ஜிடி அண்ட் டி, அதாவது வடிவம், இடம், ஆட்டம் இவற்றுக்கு டிராயிங்கில் வரம்பு சொல்கிற குறியீட்டு முறை. டேட்டம், பொசிஷன், ரன்அவுட், எம்எம்சி (பார்ட்டில் உலோகம் அதிகபட்சமாக இருக்கிற நிலை), இவ்வளவு பிடிபட்டால் மற்றது தானாக வரும். அப்புறம் ஆட்டோ பக்கம் வருவதானால் ஏபிக்யூபி (புதுப் பார்ட்டுக்கான தரத் திட்டம்), பிபிஏபி (பார்ட்டுக்குக் கஸ்டமர் ஒப்புதல்), எஃப்எம்இஏ (எங்கே தவறு வரலாம் என்ற அலசல்), எம்எஸ்ஏ, எஸ்பிசி என்று ஐந்து தர முறைகள் இருக்கின்றன, ஐஏடிஎஃப் 16949 (ஆட்டோ துறைத் தரச் சான்று) வாங்கிய கம்பெனி எதற்குப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எம்எஸ்ஏ என்பது அளக்கிற கேஜையும் அளக்கிற ஆளையும் நம்பலாமா என்று பார்ப்பது. கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளவு வேறுபாட்டில் அளக்கும் முறையால் வருகிற பங்கு) 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த கேஜை வைத்து எந்தப் பார்ட்டையும் முடிவு செய்யக் கூடாது. சிபிகே (அளவு வரம்புக்குள் எவ்வளவு நிலையாக வருகிறது என்று காட்டும் எண்) 1.33 வேண்டும், 1.67 வேண்டும் என்று கஸ்டமர் கேட்கிறாரே, அது எஸ்பிசி, புள்ளிவிவரத்தை வைத்து உற்பத்தியைக் கண்காணிப்பது. என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கிற உற்பத்தி, தரம் சம்பந்தமான பாடங்கள் இலவசமாகவே கிடக்கின்றன, சர்டிஃபிகேட் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டினால் போதும்.

ஆனால் படித்ததை மட்டும் சொன்னால் நான் வேலைக்கு எடுக்க மாட்டேன். உங்கள் ஷாப்பில் திரும்பத் திரும்ப வருகிற ஒரே ஒரு ரிஜெக்‌ஷனைப் பிடியுங்கள். எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எந்த இன்சர்ட், எத்தனை பீஸுக்கு அப்புறம் வருகிறது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள், காரணத்தைக் கண்டுபிடித்து மாற்றுங்கள், மாற்றுவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று எண்ணிக்கையாகக் காட்டுங்கள். இந்த மாதிரி இரண்டு வேலை கையில் இருந்தால் பயோடேட்டாவில் "ஹார்டு ஒர்க்கிங்" என்றெல்லாம் எழுத வேண்டிய அவசியமே இருக்காது.

மாலைநேர_பிஇ:

ஓசூர் அண்ணன் நேரில் இன்டர்வியூ எடுத்தால் டிராயிங் கொடுப்பார், ஆனால் அவர் முன்னால் போய் உட்காருவதற்கு முன்பே எச்ஆர் உங்கள் பயோடேட்டாவை ஓரம் கட்டிவிட்டால்? டிப்ளமோவுக்கு ஒரு கிரேடு, பிஇக்கு ஒரு கிரேடு என்று கோடு போட்டு வைத்திருக்கிற கம்பெனிகள் நிறைய. அதனால் டிகிரியை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஜிசிடி, சிஐடி, பிஎஸ்ஜி டெக் கல்லூரிகள் எல்லாம் பார்ட் டைம் பிஇ நடத்தி வந்த ஊரில் இருக்கிறீர்கள், பல ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம், வகுப்பு மாலையில். எந்தப் பிரிவு நடக்கிறது, எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்பதை அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கணக்குப் பாடம் கஷ்டம்தான், ஆனால் அதைவிடக் கஷ்டம் ஷிஃப்ட். செகண்ட் ஷிஃப்ட் விழுந்தால் வகுப்பு போச்சு. சேருவதற்கு முன்பே ஜெனரல் ஷிஃப்ட் பேசிவிடுங்கள், மாத முடிவில் டெஸ்பாட்ச் நெருக்கும்போதும் அது நிற்குமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். என்னோடு படித்தவர்களில் பாதியில் நின்றவர்கள் எல்லோரும் இதில்தான் நின்றார்கள்.

குறுக்கு வழி என்று யாராவது தபாலில் பிடெக் என்றால் ஓடிவிடுங்கள். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் விஷயத்தில் கறாராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏஎம்ஐஇயும் (கல்லூரிக்குப் போகாமல் எழுதும் பொறியியல் தேர்வு) முன்பு மாதிரி இல்லை, 2013 மே 31 வரை பதிந்தவர்களுக்குத்தான் மத்திய அரசு அதை பிஇக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. இதைச் சொல்லாமலே கோச்சிங் ஃபீஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மேக்ரோ_பி:

அந்த அறுபதாயிரத்தை இப்போது கொடுக்காதீர்கள். நான் கேம் (சிஏஎம்) புரோகிராமர், மாஸ்டர்கேம் மாதிரி சாஃப்ட்வேரில் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிற இந்த வேலையில்தான் சம்பாதிக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஷாஃப்ட்டுக்கும் கப்ளிங்குக்கும் ஜி71, ஜி70, ஜி76 (லேத்தில் ரஃபிங், ஃபினிஷிங், மரை வெட்டுவதற்கான கட்டளைகள்) தெரிந்தால் போதும், கேம் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டிய வேலையே உங்கள் ஷாப்பில் இல்லை. கோர்ஸ் முடித்துவிட்டு ஆறு மாதம் தொடாமல் இருந்தால் மறந்துதான் போகும். அச்சு வேலை, ஃபைவ் ஆக்ஸிஸ் பக்கம் போவது என்று முடிவானால் அப்போது படியுங்கள். அதுவரை ஆர்வத்துக்கு வேண்டுமானால் வீட்டில் ஃபியூஷன் என்ற கேம் சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், சொந்தக் கற்றலுக்கு இலவசம், கம்பெனி வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது கற்க வேண்டியது மேக்ரோ, அதாவது எண்ணுக்குப் பதில் மாற்றக்கூடிய வேரியபிளைப் போட்டுப் புரோகிராம் எழுதுவது. கப்ளிங் என்றால் வடிவம் ஒன்று, சைஸ்தான் வேறு வேறு, இல்லையா? பிசிடி (ஹோல்கள் அமைகிற வட்டத்தின் விட்டம்), ஹோல் எண்ணிக்கை, ஆழம் மூன்றையும் வேரியபிளில் போட்டு ஒரே புரோகிராமாக எழுதிவிட்டால் அடுத்த சைஸுக்கு எண்ணை மட்டும் மாற்றினால் போதும். சில கன்ட்ரோலில் மேக்ரோ ஆப்ஷன் திறந்திருக்காது, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஃபானுக்கில் பொதுவாக 100 வரிசை வேரியபிள்கள் மெஷினை அணைத்தால் அழிந்துவிடும், 500 வரிசை அப்படியே இருக்கும். எதை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் காலையில் வந்து சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தக் கூடாது. முதல் தடவை இசட்டை (டூலின் உயரத்தை) தூக்கி வைத்து, சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியிலும் நிற்கிற முறை) போட்டு, காற்றில் ஓட்டுங்கள். செட்டிங் நேரம் குறைந்தால் அது முதலாளிக்கு நேராகக் காசாகத் தெரிகிற விஷயம், "பார்க்கலாம்" என்று சொல்ல மாட்டார்.

குறிச்சி_செட்டர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மேக்ரோ அக்கா, கப்ளிங்கில் பதினோரு சைஸ் ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி புரோகிராம்தான் வைத்திருக்கிறோம், இதை யோசிக்கவே இல்லை. ஓசூர் அண்ணா, முதலாளியிடம் மறுபடி எப்படிப் பேசுவது? குவாலிட்டி என்று ஆரம்பித்தாலே முகம் மாறிவிடுகிறது.

ஓசூர்_குவாலிட்டி:

மாற்றிவிடுங்கள் என்று கேட்காதீர்கள். அவர் காதில் அது "நான் மெஷினை விட்டுப் போகிறேன்" என்றுதான் விழும். அடுத்த கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்து எய்ட் டி (காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியில் எழுதும் அறிக்கை) எழுதும்போது நானும் அரைமணி நேரம் உட்காரட்டுமா என்று மட்டும் கேளுங்கள், இதற்கு எந்த முதலாளியும் மறுக்க மாட்டார், சொல்லப் போனால் அதை எழுத ஆளில்லாமல்தான் தவித்துக்கொண்டிருப்பார். அதோடு ஒரு ஆபரேட்டரைப் பிடித்து செட்டிங் கற்றுக்கொடுங்கள். உங்களைத் தவிர யாருக்கும் செட்டிங் தெரியாது என்கிற வரைக்கும் உங்களுக்கு அந்த மெஷினிலிருந்து விடுதலை கிடையாது.

நேர்ப்பேச்சு:

கற்றுக்கொடுத்துவிட்டு அப்புறம் குறைந்த சம்பளத்துக்கு அவன் போதும் என்று இவரைக் கழற்றிவிட்டால்?

ஓசூர்_குவாலிட்டி:

கோவையில் நல்ல செட்டரைக் கழற்றிவிட்டால் எதிர் ஷெட்காரர் மறுநாளே கூப்பிடுவார். அந்தப் பயத்தில் யாருக்கும் சொல்லித்தராமல் இருந்து அதே இடத்தில் வயதானவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

இடையில் ஒன்று. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தாலே பிஎஃப் உண்டு, உங்கள் பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று இப்போதே பாருங்கள். மாறும்போது அதை எடுத்துக் கல்யாணத்துக்குச் செலவு செய்துவிடாதீர்கள், யுஏஎன் (உங்கள் பிஎஃப் எண்) ஒன்றேதான், புதுக் கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் போடுங்கள். மாதப் பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும், உங்களுக்குப் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ரிலீவிங் லெட்டர் வாங்காமல் நின்றுவிடாதீர்கள், பெரிய கம்பெனியில் அது இல்லாமல் சேர்க்கத் தயங்குவார்கள்.

குறிச்சி_செட்டர்:

பார்த்தேன், பிஎஃப் ஏறுகிறது. அண்ணா, டிராயிங்கை எடுத்துப் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரியே ரன்அவுட் 0.02 போட்டிருக்கிறது, இத்தனை நாள் யாரும் பார்த்ததே இல்லை. எங்களிடம் பெஞ்ச் சென்டர் (ஷாஃப்ட்டை இரண்டு முனை மையத்திலும் பிடித்துச் சுற்றும் சாதனம்) இல்லை, ஒரு லீவர் டயலும் (சின்ன ஆட்டத்தைக் காட்டும் கேஜ்) ஒரு ஜோடி வி-பிளாக்கும் (வி வடிவத் தாங்கி)தான் இருக்கிறது. அதில் பார்க்கலாமா?

ஓசூர்_குவாலிட்டி:

தாராளமாக. சொல்லப் போனால் சென்டரைவிட அதுதான் சரி, டிராயிங்கில் டேட்டம் பேரிங் இடங்கள்தானே, சென்டர் ஹோல் இல்லையே. இரண்டு வி-பிளாக்கும் ஒரே உயரமா என்று முதலில் சரிபாருங்கள், ஷாஃப்ட் நீளவாக்கில் நகராமல் ஒரு முனையில் தடுப்பு வையுங்கள், மெதுவாக முழுச் சுற்று சுற்றி டயலில் அதிகம், குறைவு இரண்டையும் குறியுங்கள். பேரிங் இடமே வட்டமாக இல்லாவிட்டால் வி-பிளாக் கொஞ்சம் ஏமாற்றும், அதனால் ஒரு பீஸை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம், இரண்டு ஷிஃப்ட்டிலும் பத்துப் பத்து பீஸ் எடுத்து எண்களை இங்கே போடுங்கள்.