மறு: 'ஹைட்ரேட்' என்பதற்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததே, அப்போது மக்கள் சமூக ஊடகங்களில் எழுதியதைத் திரட்டி ஆராயும் மாணவர்களுக்காகக் கட்டளை வரிக் கருவிகளுக்கு (கட்டளையைத் தட்டி ஓட்டும் மென்பொருள்களுக்கு) ஒரு கையேடு எழுதுகிறோம். வகுப்பு தண்டையார்பேட்டையில், ஞாயிறுதோறும். இணையப் பக்கங்களிலிருந்து தரவை அள்ளும் 'ஸ்க்ரேப்' என்பதற்குச் 'சுரண்டல்' வேண்டாம், 'வாருதல்' போதும் என்று போன வாரமே முடித்துவிட்டோம். தயவுசெய்து அதை மறுபடி கிளறாதீர்கள். இப்போது நிற்பவை ட்வீட் திரட்டும் ட்வார்க் கருவியின் இரண்டு கட்டளைகள்: ஹைட்ரேட், டீஹைட்ரேட். ஆங்கிலத்தில் நேர்ப்பொருள் நீர் சேர்ப்பது, நீரை நீக்குவது.

வந்த முன்மொழிவுகளில் பாதி ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வந்தவை, வேலையைப் பார்த்து வந்தவை அல்ல. அதனால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ட்வார்க், 2014இல் அமெரிக்காவின் ஃபெர்கசன் போராட்டத்தை ஒட்டிப் பிறந்த 'டாக்குமென்டிங் தி நவ்' திட்டத்தின் கருவி. திரட்டிய ட்வீட்டுகளை முழுசாக அப்படியே ஊருக்குப் பகிர ட்விட்டரின் விதி விடாது, அவற்றின் அடையாள எண்களைப் பகிரலாம். டீஹைட்ரேட் செய்தால் கோப்பிலுள்ள ட்வீட்டுகளிலிருந்து எண்ணை மட்டும் உருவி, வரிக்கு ஒன்றாக இன்னொரு கோப்பில் எழுதும். ஹைட்ரேட் செய்தால் அந்த எண்களை நூறு நூறாக ட்விட்டரிடம் கொடுத்துக் கேட்கும். இன்னும் இருப்பவை முழு உருவில் வரும். எழுதியவர் அழித்தது, பூட்டிவைத்தது எதுவும் வராது.

> நீர்நீக்கம், நீரேற்றம் இரண்டும் வேதியியலில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதற்கு?

ஐயா, இருப்பது உண்மைதான். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கொடுங்கையூரிலிருந்து வரும் தம்பி "நீரேற்றம்னா பம்பிங் ஸ்டேஷன்தானே சார்?" என்றார். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைப் பலகையில் பார்ப்பது கழிவுநீரேற்று நிலையத்தின் வாசலில். அப்புறம், கட்டளையை எப்படியும் ஆங்கில எழுத்தில்தான் தட்டப்போகிறார்கள். தமிழ்ச் சொல்லின் வேலை அது என்ன செய்கிறது என்று விளக்குவது மட்டும். ஆங்கிலக்காரன் தண்ணீரை வைத்து யோசித்தால் நாமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியதில்லை. ரியாக்டில் வலைப்பக்கம் எழுதுபவர்களும் ஹைட்ரேஷன் என்கிறார்கள், அது முற்றிலும் வேறு வேலை. அவர்களுக்கு நீரேற்றம் பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும்.

> மீட்டெடுத்தல் என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

அக்கா, புரிவதுதான் சிக்கல். அழிந்ததும் திரும்ப வரும் என்று புரிந்துவிடும். எங்கள் தரவு மழைத் தரவு. 'வியாசர்பாடி, இன்ன தெரு, இரண்டாம் மாடி, கைக்குழந்தைக்குப் பால் இல்லை, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்ற மாதிரிப் பதிவுகளை நினைத்துப் பாருங்கள். முகவரி, கைபேசி எண், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். அந்த நேரத்தில் ஊரே பார்க்க வேண்டும் என்றுதான் போடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அழித்துவிட்டால் அதோடு முடிந்தது. நாம் முழுக் கோப்பைக் கைமாற்றிக்கொண்டே இருந்தால், அவர் அழித்த பிறகும் அவருடைய நம்பர் நாலு கல்லூரிகளில் சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணை மட்டும் கொடுத்து, வேண்டியவர் மறுபடி கேட்டு வாங்கட்டும் என்று வைத்ததில் இந்த நியாயமும் இருக்கிறது. வராமல் போவதைக் கருவியின் குறையாகச் சொல்ல முடியாது. எனவே வராமலும் போகலாம் என்பதற்கு இடம்விடுகிற சொல் வேண்டும். போதாததற்கு எங்கள் தரவில் பாதி 'மீட்புப் பதிவு'. 'மீட்புப் பதிவுகளை மீட்டெடுத்தோம்' என்று கையேட்டில் எழுதினால் படிக்கிறவர் நம்மைத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

'உயிர்ப்பித்தல்' இதே காரணத்தால் கூடாது. 'உரையேற்றம்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பதிவேற்றத்தின் தங்கை போல ஒலிக்கிறது. திசையே மாறிவிடும்.

என் முன்மொழிவு: ஹைட்ரேட் – எண்ணழைப்பு, டீஹைட்ரேட் – எண்பிரிப்பு. வினையாக, எண்ணழை, எண்பிரி.

> எண்ணழைப்பு என்றால் போனில் நம்பர் போடுவது போல இருக்கிறதே.

இருக்கட்டும், நல்லது. நம்பர் போடுகிறோம், ஆள் இருந்தால் எடுக்கிறார், இல்லாவிட்டால் 'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை' என்று வருகிறது. வகுப்பில் இதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை.

> ஆராய்ச்சிக்கென்று இருந்த இலவச வழியை 2023இலேயே ட்விட்டர் அடைத்துவிட்டது. செத்த கருவிக்கு எதற்குச் சொல்?

அடைத்தது உண்மை. ஆனால் வேலை சாகவில்லை, யூடியூபுக்கு இடம் மாறியிருக்கிறது. அதன் ஏபிஐயில் (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்) ஒரு திட்டத்துக்கு ஒரு நாளைக்கு 10,000 அலகு ஒதுக்கீடு. ஒரு தேடலுக்கு 100 அலகு போய்விடும். கையில் காணொளி எண் இருந்தால் 50 எண்ணுக்கு ஒரே அலகு. இலவசக் கணக்கில் ஓட்டுகிற மாணவருக்கு எது கட்டுப்படியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எடுத்த விவரங்களை 30 நாளைக்குள் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆக மாதாமாதம் எண்ணழைப்புதான். யூடியூபின் அடையாளம் எழுத்தும் இலக்கமும் கலந்த 11 குறிகள், அதை எப்படி எண் என்பது என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வண்டி எண், பான் எண்ணெல்லாம் எழுத்து கலந்தவைதானே. சரி.

எண்பிரிப்புக்குப் பதில் 'பெயர்நீக்கம்' (எழுதியவர் யாரென்று தெரியாமல் செய்வது) வேண்டும் என்று கேட்டவருக்கு: வேண்டாம். 2010 நவம்பருக்குப் பிந்தைய ட்வீட் எண்ணுக்குள், எழுதிய நேரம் மில்லிவினாடி வரை பொதிந்திருக்கிறது. யாரையும் கேட்காமலே கணக்குப் போட்டு எடுக்கலாம். பதிவு இன்னும் இருந்தால் எண்ணே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். பெயர்நீக்கம் என்று எழுதினால் இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொன்னதாகிவிடும்.

சொல் எதுவானாலும் கையேட்டில் ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன். ஒரு மாணவி கொண்டுவந்த கோப்பில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களோ என்று பதறிப்போனார். பார்த்தால் ஒவ்வோர் எண்ணும் நான்கு பூஜ்யத்தில் முடிகிறது. இடையில் எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார். ட்வீட் எண்ணுக்கு 19 இலக்கம், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். அந்த நெடுவரிசையை உரை என்று குறித்துத் திறக்க வேண்டும், அல்லது எக்செல் பக்கமே போகக் கூடாது.

எண்ணழைப்பில் எனக்குத் தயக்கமில்லை. எண்பிரிப்பு கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது, எண்ணையே துண்டு துண்டாகப் பிரிப்பதாகவும் படிக்கலாம். அதைவிட நல்லது தோன்றினால் வியாழனுக்குள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்கிறேன்.