5 நாள், 400 கிலோமீட்டர்: எங்கள் குடும்பக் குழுவில்

முந்தைய நாள் இரவு

சித்தி: கண்ணு, நாளைக்குக் குதிரைப் பந்தயத்தில் ஓடப் போகிறாயாமே? பாட்டி சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாய்?

சிட்னி அக்கா: பந்தயம் என்றதும் கிண்டி மைதானத்தை நினைத்துவிடாதீர்கள் சித்தி. இது நெடுந்தூரச் சவாரி. சிட்னிக்கு வடமேற்கே, மெக்டொனால்டு ஆற்றுப் பள்ளத்தாக்கில் செயின்ட் ஆல்பன்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே நாளைக்குத் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு 80 கி.மீ., ஐந்து நாளில் 400. கடைசி வரை அதே குதிரை, அதே ஆள். ஷாஜாதா சவாரி என்பார்கள். 1981 முதல் நடக்கிறது.

அப்பா: முதல் பரிசு எவ்வளவு?

சிட்னி அக்கா: பணத்துக்காக இங்கே யாரும் வருவதில்லை அப்பா. முடித்தவர்களுக்கு ஒரு பெல்ட் பக்கிள் கொடுப்பார்கள். அதை வாங்க வருடக்கணக்காகக் குதிரையைத் தயார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான்: மங்கோலியாவில் 1000 கி.மீ. போகிறார்களே, அது மாதிரியா அக்கா?

சிட்னி அக்கா: இல்லை தம்பி. அது செங்கிஸ்கான் காலத்து அஞ்சல் குதிரை முறையைப் பார்த்து 2009இல் தொடங்கியது. ஏறத்தாழ 40 கி.மீ.க்கு ஒரு முறை குதிரையை மாற்றிக்கொள்வார்கள். அங்கே சோதனை மனிதனுக்கு. இங்கே மாற்றுக் குதிரை கிடையாது. இன்று இரவு என் பெண் குதிரை சரியாகத் தின்னவில்லை என்றால் நாளை எனக்குச் சவாரி இல்லை.

மாமா: மருமகளே, குதிரைக்கு என்ன வயது? லாடம் அடித்து எத்தனை நாள் ஆகிறது?

சிட்னி அக்கா: 12 வயது மாமா, அரபு இனம். பக்கத்துப் பண்ணைப் பாட்டியின் குதிரை. முதலில் 40 கி.மீ. பயிற்சிச் சவாரிகள், பிறகு 80 கி.மீ. சவாரிகள் என்று அவர்தான் என்னைப் பழக்கிவிட்டார். லாடம் அடித்துப் பத்து நாள் ஆகிறது.

மாமா: நல்லது. ஆணி ஏதாவது உறுத்தியிருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும்.

மாமா: ஷாஜாதா என்பது உண்மையில் ஒரு குதிரையின் பெயர். முதல் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் அரபுக் குதிரைகளுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். ஐந்து நாளில் 300 மைல், முதுகில் 13 ஸ்டோன் சுமை, அதாவது ஏறத்தாழ 83 கிலோ. குதிரைப்படைக்கு இந்த இனம் தாங்குமா என்று பார்ப்பதற்காக. அதில் பேர் வாங்கிய ஆண் குதிரை அது. 1925இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள்.

அம்மா: அண்ணா, நீங்களும் அவளுக்கு ஆசை காட்டாதீர்கள். எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

முதல் நாள்

அம்மா: முடிந்ததா? விழவில்லையே?

சிட்னி அக்கா: விழவில்லை அம்மா. 80 முடிந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே தலைவிளக்கோடு கிளம்பினோம். இங்கே இப்போது குளிர்காலம். புல்லெல்லாம் உறைபனி. பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறுவதெல்லாம் மணற்பாறை மலை. செங்குத்தான இடங்களில் நான் இறங்கி அவளோடு நடந்தேன்.

சித்தி: இத்தனை தூரம் போய்விட்டு நடந்தாயா?

சிட்னி அக்கா: என் எடை அவள் முதுகில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் நாலாவது நாளைக்குச் சேமிப்பு சித்தி.

நான்: மருத்துவப் பரிசோதனை எப்படி இருந்தது?

சிட்னி அக்கா: அதைச் சொல்லத்தான் கை பரபரக்கிறது. ஒரு நாளில் இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும், முகாமுக்குள் வந்த அரை மணிக்குள் குதிரையை மருத்துவர் முன் நிறுத்த வேண்டும். அதற்குள் சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் மார்பிலும் தண்ணீர் ஊற்றி வழித்து, மறுபடி ஊற்றி வழித்து, பின்தசை விறைக்காமல் கம்பளி போர்த்த வேண்டும். நாடித்துடிப்பு இறங்கும்வரை பக்கத்தில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பிறகு மருத்துவர் ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுக்கிறார், வெளுத்த இடம் எத்தனை நொடியில் சிவக்கிறது என்று பார்க்கிறார். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுகிறார். வயிற்றின் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குடல் ஓசை கேட்கிறார். கடைசியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ஓட, அவள் என் தோளோரமாக மெல்லோட்டத்தில் வர வேண்டும். எல்லாம் குதிரையின் பதிவேட்டில் ஏறுகிறது.

மாமா: சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. மலை ஏறினால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு போகும். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதில்தான் குதிரையின் உடல்நிலை இருக்கிறது. எத்தனை பெரிய சவாரிக்காரராக இருந்தாலும் அதை மறைக்க முடியாது.

மாமா: தண்ணீர் குடிக்கிறாளா? அதைச் சொல் முதலில்.

சிட்னி அக்கா: நன்றாகக் குடிக்கிறாள் மாமா. தீவனத்திலும் உப்புக் கலந்து கொடுக்கிறேன்.

மாமா: கொடு, விடாமல் கொடு. குதிரையின் வியர்வையில் அதன் இரத்தத்தில் இருப்பதைவிட உப்பு அதிகம். தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால் தாகமே சரியாக எடுக்காது. உடம்பு வறண்டு கிடக்கும், தொட்டியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது எங்கள் பேராசிரியர் இதைச் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றினார்.

இரண்டாம் நாள்

சிட்னி அக்கா: 160 முடிந்தது. இரண்டு பேரும் நலம். தூங்கப் போகிறேன்.

அம்மா: சாப்பிட்டாயா?

அம்மா: சரி, தூங்கு.

மூன்றாம் நாள்

சிட்னி அக்கா: 240. ஆனால் இடப்பக்கம் குடல் ஓசை குறைவு என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மறுபடி காட்டச் சொன்னார்.

அப்பா: பயப்படும்படி ஏதாவது?

மாமா: நீண்ட ஓட்டத்தில் இரத்தம் தசைக்குப் போய்விடும், குடலுக்குக் குறையும். ஓய்விலும் தீனியிலும் திரும்பினால் சரி. திரும்பவில்லை என்றால் வயிற்றுவலி வரும், குதிரைக்கு வயிற்றுவலி உயிரை எடுக்கும். தானியம் வேண்டாம் அம்மாடி. பச்சைப்புல் கிடைத்தால் கையில் பிடித்து மேய்த்து வா. மற்றபடி அங்கே இருக்கிற மருத்துவர் சொல்வதே முடிவு.

சிட்னி அக்கா: ஆற்றங்கரையில் நல்ல புல் இருக்கிறது மாமா. அங்கேதான் நிற்கிறோம். தலையைத் தூக்காமல் மேய்கிறாள்.

அம்மா: பாட்டியிடம் சொன்னேன். உடனே அய்யனாருக்குப் புரவி எடுப்பில் ஒரு மண்குதிரை நேர்ந்துகொண்டுவிட்டார்.

சிட்னி அக்கா: எட்டு மணிக்குக் காட்டிவிட்டேன். நான்கு பக்கமும் ஓசை நன்றாகக் கேட்கிறதாம்! நாளைக்கு அனுமதி.

சித்தி: அப்பாடா. நாங்கள் யாரும் போனைக் கீழே வைக்கவில்லை.

நான்காம் நாள்

சிட்னி அக்கா: நிறுத்திவிட்டார்கள். முதல் சுற்று முடிந்து, 280இல். வலது முன்கால் நொண்டுகிறதாம்.

நான்: ஐயோ அக்கா.

அப்பா: இன்னும் 120தானே இருக்கிறது? வேறு மருத்துவரிடம் காட்ட முடியாதா?

சிட்னி அக்கா: அவரே இன்னும் இரண்டு பேரை அழைத்துப் பார்க்கச் சொன்னார் அப்பா. மூவரும் ஒன்றையே சொன்னார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல் முறை ஓடியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முறை ஓடும்போது பக்கத்தில் அவள் தலை எழும்புவதை நானே உணர்ந்தேன்.

மாமா: அதுதான் அடையாளம். நோகிற முன்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். பாரத்தை நல்ல காலுக்கு மாற்றிக்கொள்கிற வழி அது. வீக்கம், சூடு இருக்கிறதா?

சிட்னி அக்கா: குளம்புக்கு மேலே கொஞ்சம் சூடு. ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறோம். தின்கிறாள், குடிக்கிறாள். துடிப்பு 40.

மாமா: துடிப்பு 40 என்றால் பெரிய வலி இல்லை. இப்போது எல்லோரும் கேளுங்கள். குதிரை வாய் திறந்து சொல்லாது. கூட்டத்தோடு ஓடுவது அதன் பிறவிக் குணம். முன்னால் இன்னொரு குதிரை போனால் நொண்டிக்கொண்டாவது பின்னால் போகும். மேலே இருப்பவருக்கோ முடிக்க வேண்டும் என்ற வெறி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் கையை நீட்டி நிறுத்தியாக வேண்டும். 2018இல் அமெரிக்காவில் டிரையான் என்ற ஊரில் உலகப் போட்டி நடந்தது. வெப்பமும் புழுக்கமும் தாங்காமல் குதிரைகள் துவண்டு போனதால் நெடுந்தூரச் சவாரியையே நடுவில் ரத்து செய்தார்கள். உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அது சரியான முடிவு. இதுவும் சரியான முடிவு. 35 வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவன் சொல்கிறேன், இப்படி நிறுத்துகிற விளையாட்டில் என் மருமகள் இருப்பதில் எனக்குப் பெருமை.

அப்பா: எனக்கு இப்போது புரிகிறது மச்சான். அம்மாடி, நான் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

சிட்னி அக்கா: இல்லை அப்பா. முடித்தவர் பட்டியலில் பெயர் வராது என்பது வருத்தம்தான், அழுதும் விட்டேன். ஆனால் பண்ணைப் பாட்டி வந்ததும் முதலில் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, “இவளை நடக்க வைத்துத் திருப்பித் தருகிறாய், அது போதும்” என்றார்.

ஐந்தாம் நாள்

மாமா: கால் எப்படி இருக்கிறது?

சிட்னி அக்கா: சூடு தணிந்துவிட்டது மாமா. மெதுநடையில் நொண்டல் தெரியவில்லை, ஓடவிடவில்லை. ஊருக்குப் போனதும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா: எடுத்துவிட்டுப் படத்தை எனக்கு அனுப்பு. தசைநாராக இருந்தால் பல மாதம் ஓய்வு. அவசரப்படாதே.

அம்மா: பாட்டி நேர்த்திக்கடனைச் செலுத்தியே தீர வேண்டும் என்கிறார். குதிரை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாராம், 400 என்றெல்லாம் இல்லையாம்.

சிட்னி அக்கா: மண்குதிரைக்கான பணம் நான் அனுப்புகிறேன் அம்மா. இப்போது போக வேண்டும். கூட வந்த ஒரு பெண் கடைசிச் சுற்றில் இருக்கிறாள், அவள் குதிரைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

சித்தி: போ போ. அவள் முடித்ததும் மறக்காமல் சொல்.