புதுப்பிப்பு: ரயில் ஓடியது, ஜனங்கள் எங்கே போனார்கள்?
2011 ஜப்பான் சுனாமி பற்றிய முந்தைய பதிவில், அங்கே கடலோரமாக ஓடும் சான்ரிகு ரயில் ஐந்தே நாளில் ஒரு பகுதியில் மீண்டும் ஓடியதைச் சொல்லியிருந்தேன். "ரயில் சரி, ஜனங்கள் எங்கே போனார்கள்?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

நிறையப் பேர் தற்காலிக வீடுகளுக்குத்தான் போனார்கள். சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். இரண்டு வருடத்துக்கென்று கட்டியவற்றில் பலர் அதற்கும் மேலே இருந்தார்கள்.

சுனாமியைத் தடுக்கக் கட்டும் கடல்சுவரின் உயரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே சுனாமியில் அடிபட்ட இவானுமா நகரம் செய்த காரியம். 1995-ல் ஜப்பானின் கோபே நகரில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கியதில் அக்கம்பக்கம் சிதறிப்போனது. முதியவர்கள் பலர் தனிமையிலேயே இறந்தார்கள். இவானுமாவிலோ தற்காலிக வீடுகளில் ஒவ்வொரு ஊர்க்காரர்களையும் ஒன்றாகச் சேர்த்தே குடிவைத்தார்கள். அப்புறம் ஆறு கடலோரக் கிராமத்தினர் தமாவுரா-நிஷி என்ற புதுக் குடியிருப்புக்கும் ஒன்றாகவே போனார்கள். அதன் அமைப்பையும் அவர்களே கூடிப் பேசித் திட்டமிட்டார்கள்.