நாதஸ்வரம் என்றால் தில்லானா மட்டும்தானா?

காருகுறிச்சி ரயிலடி:
வைகைக்கரை அண்ணாச்சி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தமிழ் சினிமாவில் நாதஸ்வரம் என்றால் 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' ஒன்றுதானாம். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் கல்யாண சீனுக்கு ஊதிய பீப்பீயாம். அண்ணாச்சி, 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்ததே, மறந்துபோச்சா? 'சிங்கார வேலனே தேவா', ஆபேரி ராகம், சுப்பையா நாயுடு இசை. ஜானகி பாட, எங்கள் ஊர் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்தார். தில்லானாவுக்கு ஆறு வருஷம் முந்தி. பாளையங்கோட்டையில் குடியிருந்து, தாமிரபரணித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அதைப் பீப்பீ என்று எழுத எப்படி மனசு வந்தது?

வைகைக்கரை:
தண்ணீருக்கு வரி கட்டித்தான் குடிக்கிறேன், தம்பி. நீங்கள் சொல்வது ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு. நான் சொல்வது முழுப் படம். கதையே நாதஸ்வரக்காரர் கதை, கொத்தமங்கலம் சுப்பு எழுதியது. வாசித்தவர்கள் எங்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் விரலைப் பாருங்கள், கன்னத்தைப் பாருங்கள், கழுத்து நரம்பைப் பாருங்கள். வாசிப்பது வேறு ஆள் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட நம்பாது. உங்கள் படத்தில் ஜெமினி நாதஸ்வரம் பிடித்திருப்பது மாப்பிள்ளை பூச்செண்டு பிடித்த மாதிரி இருக்கிறது.

காருகுறிச்சி ரயிலடி:
நான் காதைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் கன்னத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பாட்டின் கடைசிப் பகுதியைக் கேட்டிருக்கிறீர்களா? ஜானகியின் ஸ்வரமும் நாதஸ்வரமும் மாறி மாறி வந்து, போகப்போகச் சுருங்கி, ஒரு கட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். குரல் எது, குழல் எது என்று பிரிக்கவே முடியாது. கோயில் வீதியில் நாலு தெரு தாண்டிக் கேட்க வேண்டிய வாத்தியம் அது. அதை ஒரு பெண் குரலுக்குப் பக்கத்தில், குரலை அமுக்காமல் வாசிக்க எவ்வளவு அடக்கம் வேண்டும்! ஒரு பாட்டாம். ஒரு பாட்டு போதும் அண்ணாச்சி.

பாளை வாசகி:
அடக்கம் அவருக்கு என்றால் துணிச்சல் யாருக்கு? ஜானகி அம்மா சினிமாவுக்கு வந்தது 1957-ல். ஐந்தே வருஷத்தில் அப்படி ஒரு வித்வானுக்கு ஈடுகொடுத்துப் பாடியிருக்கிறார். நீங்கள் எல்லோரும் அவர் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நாதஸ்வரத்துக்கு ஓடிவிடுகிறீர்கள். அது முதலில் ஜானகி பாட்டு.

கரிசல் பிள்ளை:
ரயிலடியாரே, ஒரு திருத்தம். அருணாசலம் பிறந்ததுதான் உங்கள் ஊர். வாழ்ந்தது எங்கள் கோவில்பட்டியில், நினைவிடம் இருப்பதும் இங்கேதான். எழுத்தாளர்கள் கி.ரா., கு.அழகிரிசாமி இரண்டு பேரும் பிறந்த இடைசெவல் பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்தும் சங்கீதமும் சேர்ந்து விளைந்த மண் இது. "எங்கள் ஊர்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள்.

காருகுறிச்சி ரயிலடி:
பெயரிலேயே ஊர் இருக்கிறது, பிள்ளைவாள். சேரன்மகாதேவிக்கு அடுத்த ஸ்டேஷன். கோவில்பட்டி அருணாசலம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 1986 வரைக்கும் கோவில்பட்டியும் திருநெல்வேலி ஜில்லாதான்.

கரிசல் பிள்ளை:
1986 போய் எவ்வளவு காலம் ஆச்சு? கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு 2020-ல் வந்தபோது எந்த ஊர் பெயரில் வந்தது என்று பாருங்கள். உங்களுக்கு அல்வா இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காவிரிப் பேரன்:
பெண் எடுத்த வழியில் திருநெல்வேலிக்கு வந்து போகிறவன் நான். ஒரே ஒரு கேள்வி. காருகுறிச்சியாருக்கு குரு யார்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அப்புறம் என்ன நெல்லை, மதுரை, கோவில்பட்டி? எல்லாம் தஞ்சாவூர்ச் சொத்து.

காருகுறிச்சி ரயிலடி:
மருமகனே, குருவுக்கு நமஸ்காரம். ஆனால் 1962-ல் நாதஸ்வரச் சீவாளியை வாயில் வைத்தவர் யார்? அதைச் சொல்லுங்கள். எங்கள் மனுஷன் பிறந்தது 1921, போனது 1964. நாற்பத்து மூன்று வயசு. தில்லானா எடுக்கும்போது உயிரோடு இருந்திருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். போகட்டும், அந்தப் படத்தில் முத்துராக்குவாகத் தவிலோடு உட்கார்ந்திருக்கும் டி.எஸ்.பாலையா எந்த ஊர்? ஸ்ரீவைகுண்டம். உங்கள் தில்லானாவிலும் பாதி எங்கள் ஜில்லாதான்.

வைகைக்கரை:
போனவரை வைத்து ஓட்டுக் கேட்காதீர்கள். பாலையா தவில் வாசிக்கவில்லை, நடித்தார். கன்னத்தைப் பற்றிப் பேசாதே என்று என்னிடம் சொன்னது நீங்கள்தானே? தில்லானாவில் 'நகுமோமு' வருகிறது, அதுவும் ஆபேரி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்புறம் 'நலந்தானா', அப்புறம் வெள்ளைக்காரர்களுக்கு வாசிக்கும் இங்கிலீஷ் நோட்டு. உங்களுக்கு? ஒரே பாட்டு.

கரிசல் பிள்ளை:
ஸ்ரீவைகுண்டமும் இப்போது தூத்துக்குடி மாவட்டம். சும்மா சொல்லி வைத்தேன்.

காருகுறிச்சி ரயிலடி:
இரண்டு ஆபேரியையும் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். 'நகுமோமு'வில் இரண்டு நாதஸ்வரம் ஜோடியாக வரும், அழகுதான், யார் இல்லை என்றார்கள்? 'சிங்கார வேலனே'யில் ஒற்றை ஆள். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. எண்ணிக்கைதான் பெருமை என்றால், 2010-ல் தொடங்கி ஆயிரம் எபிசோடுக்கு மேல் சன் டிவியில் ஓடிய 'நாதஸ்வரம்' சீரியலுக்குத்தான் முதல் மாலை போட வேண்டும்.

பாளை வாசகி:
அந்த சீரியலை எதற்கு இழுக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடே அது முடிந்துதான். குடும்பப் பெண்கள் பார்ப்பதென்றால் உங்களுக்கு எப்போதும் இளப்பம்தான். ஜானகி அம்மா பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தவில்காரர் மகன்:
எல்லோரும் 1962, 1968 என்று பேசுகிறீர்கள். போன ஆனி முகூர்த்தத்தில் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா விரலில் கூட்டை மாட்டிக்கொண்டு, தவிலை மடியில் சாய்த்து, விடியற்காலை நாலரைக்கே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம், முப்பது பேர், கேரளாவிலிருந்து பஸ்ஸில். அப்பாவும் நாதஸ்வரக்காரரும் தாலி கட்டும் ஐந்து நிமிஷத்துக்குக் கெட்டிமேளம் கொட்டினார்கள். மிச்ச நேரம் வாசித்தபோது வீடியோக்காரர் வந்து, "கொஞ்சம் நிறுத்துங்க, பாட்டு போடணும்" என்றார். ஸ்பீக்கரில் போட்ட பாட்டு எது தெரியுமா? இதே 'நலந்தானா'. ரயிலடி அண்ணாச்சி, வைகைக்கரை அண்ணாச்சி, உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு எந்த மேளம் வைத்தீர்கள்?

வைகைக்கரை:
தம்பி, வருத்தம்தான். ஆனால் பாருங்கள், ஸ்பீக்கரிலும் தில்லானாதான் போடுகிறார்கள். சிங்கார வேலன் எங்கே?

தவில்காரர் மகன்:
இதுதான் உங்களுக்குப் பட்டதா அண்ணாச்சி?

காருகுறிச்சி ரயிலடி:
என் தங்கச்சி கல்யாணத்துக்கு நாதஸ்வரம்தான், தம்பி. சாமி சத்தியமாகச் செண்டை கிடையாது. வைகைக்கரை அண்ணாச்சி இன்னும் பதில் சொல்லவில்லை, பார்த்தீர்களா? சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் பாட்டைப் பாட மேடையில் இன்றைக்கும் பயப்படுகிறார்கள். டிவி போட்டிகளில் எந்தப் பிள்ளையாவது அதை எடுத்தால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒரு பாட்டுக்கு அந்த மரியாதை.

பாளை வாசகி:
பாடப் பயப்படுகிறார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாட. அப்போ அது யார் பாட்டு?

காவிரிப் பேரன்:
ராஜரத்தினம் பிள்ளை பற்றி எனக்கும் பதில் வரவில்லை.

வைகைக்கரை:
பயப்படும் அந்தப் பாட்டு எத்தனை? ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தில்லானாவை மறுபடி போட்டு, நாதஸ்வரம் வரும் இடங்களை நிமிஷக் கணக்கோடு எழுதுகிறேன். அப்போது பேசுங்கள்.

காருகுறிச்சி ரயிலடி:
தாராளமாக எழுதுங்கள். பத்மினி ஆடும் இடத்தையும் நாகேஷ் பேசும் இடத்தையும் கழித்துவிட்டு எழுதுங்கள். மிச்சம் எவ்வளவு தேறுகிறது என்று நானும் பார்க்கிறேன்.