பாளை வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

பெரியப்பா (காலை 6:12): வியாழன் மாலை கார்த்தியின் மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தா கார்தான். அம்மா முடிவு செய்துவிட்டாள். நேற்று உறையை எடுத்துப் பார்த்தேன். வண்டி ஒரே தட்டில் கிளம்பிவிட்டது. பார்க்கத்தான் சகிக்கவில்லை.

பெரியப்பா: [4 படங்கள்]

நாகர்கோவில் அத்தை: ஐயோ, இது நம் அம்பாசடர்தானா அண்ணே?

பட்டறை அத்தான்: நீலக் கார் எப்போது சாம்பல் கார் ஆனது மாமா?

பெரியம்மா: மாடி கட்டும்போது விழுந்த சிமெண்டு. மேலே வேப்பமரம், காக்கை. நான் ஒருத்தி எதைத்தான் பார்ப்பது?

பாலிடெக்னிக் சித்தப்பா: ஷெட்டைக் கடையாக்கி வாடகைக்கு விட்டால் கார் வேப்பமரத்தடியில்தான் நிற்கும்.

பெரியப்பா: காலையிலேயே ஆரம்பிக்காதே.

கார்த்தி: பெரியப்பா, எனக்கு எந்தக் கார் என்றாலும் சரிதான்.

நாகர்கோவில் அத்தை: மாப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

பாலிடெக்னிக் சித்தப்பா (6:41): அண்ணே, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெற்றதும் வாங்கிய பாலிஷ் மெஷின் வீட்டில்தான் இருக்கிறது, கொண்டுவருகிறேன். ஆனால் அதற்கு முன் கழுவ வேண்டும், அதைச் சரியாகச் செய்யாவிட்டால் மெஷின் வீண். முதலில் ஹோஸ் பைப்பில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள். அதுவரை கையோ துணியோ படக் கூடாது. பிறகுதான் ஷாம்பு. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைத் தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். ஒரே வாளி என்றால் கூரையில் எடுத்த மண்ணைப் பானட்டில் போட்டுத் தேய்ப்பதாகத்தான் அர்த்தம். வெயிலில் சிலந்தி வலை மாதிரி கோடு தெரிகிறதே, அதெல்லாம் துடைத்துத் துடைத்து வந்ததுதான். சக்கரமும் கதவின் அடிப்பகுதியும் கடைசியில், அதற்கு வேறு துணி. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். சிமெண்டுத் துளியை யாரும் நகத்தாலோ கரண்டியாலோ சுரண்டக் கூடாது. வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து இளகவிட்டு, பிறகு நன்றாக அலச வேண்டும்.

பெரியம்மா: வாளி இரண்டு இருக்கிறது. ஒன்றுக்குப் பிடி இல்லை.

பட்டறை அத்தான்: சித்தப்பா பரீட்சை வைப்பாரா?

மீனா: அத்தான் உனக்கு அவர் மாமா. சித்தப்பா எங்களுக்கு.

பட்டறை அத்தான்: ஊருக்கே சித்தப்பா.

நாகர்கோவில் அத்தை: காரை விடுங்கள். பத்திரிகையில் என் மாமனார் பெயர் விட்டுப்போனதற்கு யாராவது ஒரு வார்த்தை பேசினீர்களா?

அப்பா: அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று சொன்னேனே.

நாகர்கோவில் அத்தை: அச்சகத்துக்கு உங்கள் பெரிய மதினியின் தம்பி பெயர் மட்டும் எப்படித் தெரிந்தது?

பெரியம்மா: அவன் சமையலுக்கு நின்று உழைக்கிறான்.

பாலிடெக்னிக் சித்தப்பா: இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். போர் தண்ணீர் வேண்டாம். உப்பு அதிகம். காய்ந்ததும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி நிற்கும். தாமிரபரணித் தண்ணீர் பிடித்து வைத்திருப்பீர்களே, அதில் கழுவுங்கள்.

பெரியம்மா: குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வினிகரா கொடுப்பது?

பாலிடெக்னிக் சித்தப்பா: சரி மதினி. கழுவுவது போரில். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம். காயவிடாமல் உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பழைய வேட்டி கூடாது.

பெரியப்பா: அப்பா முப்பது வருடம் வேட்டியால்தான் துடைத்தார்.

பாலிடெக்னிக் சித்தப்பா: கோடும் முப்பது வருடக் கோடுதான் அண்ணே.

பெரியம்மா: [குரல் பதிவு 0:47]

மீனா: ஆச்சி பேசுகிறாள். தாத்தா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பாராம், குனிந்தால் பொட்டு வைத்துக்கொள்ளலாமாம், இவன் என்னவோ ஆஸ்பத்திரி மாதிரி துணி, மருந்து என்கிறான் என்கிறாள்.

பாலிடெக்னிக் சித்தப்பா: எண்ணெய் ஒருமணி நேரம் மின்னும். பிறகு தெருப் புழுதி முழுக்க வந்து ஒட்டும். அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

துபாய் அண்ணன் (காலை 9:20): இப்போதுதான் பார்க்கிறேன். இதெல்லாம் எதற்கு? ஒரு இன்னோவா எடுத்துவிடலாம். ஏசி இருக்கும். பணம் நான் தருகிறேன்.

அப்பா: உன் அப்பாவிடம் கேள்.

பெரியப்பா: 👍

அப்பா: எதற்கு 👍?

திங்கள்

பாலிடெக்னிக் சித்தப்பா (காலை 8:05): பாளை வந்துவிட்டேன். இதைப் பாருங்கள்.

பாலிடெக்னிக் சித்தப்பா: [படம்]

மீனா: வெள்ளைத் துணி நீலமாக இருக்கிறது. சாயம் போகிறதா? நிறுத்துங்கள் சித்தப்பா!

பாலிடெக்னிக் சித்தப்பா: நல்ல சேதி மீனா. டிக்கி மூடிக்கு உள்விளிம்பில், யாருக்கும் தெரியாத இடத்தில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்தேன். இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட் இருக்கும். சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அந்தக் கார்களில் தேய்த்தால் துணியில் நிறம் வராது. நம்முடையது 1993 மாடல், ஒரே பூச்சு. நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்ட்டில். மேலே வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி தெரிவது வெயிலில் செத்த பெயிண்ட். அதை மட்டும் மெல்ல எடுத்தால் அடியில் நீலம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க மீட்டர் இல்லை. அதனால் கொஞ்சமாக எடுத்து, போதும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். ஷோரூம் கார் ஆக்குகிறேன் என்று இறங்கினால் வியாழக்கிழமை அடிப்பூச்சான பிரைமரில்தான் மாப்பிள்ளை வருவான்.

கார்த்தி: போதும் என்ற இடத்தில் நிறுத்துங்கள் சித்தப்பா.

பாலிடெக்னிக் சித்தப்பா: இன்னொரு அதிசயம். பானட்டில் ஆயுத பூஜைக்கு வருடா வருடம் ஒரே இடத்தில் சந்தனம் வைத்திருக்கிறார்கள். காய்ந்ததைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தேன். அடியில் மூன்று வட்டம் கருநீலமாக, கடையில் வாங்கிய அன்று இருந்த நிறம். சுற்றிலும் வெளுப்பு. வெயில் படாத இடம் அவ்வளவுதான் இருந்திருக்கிறது.

நாகர்கோவில் அத்தை: அப்பா வைத்த சந்தனத்தையா எடுத்தாய்?

பெரியம்மா: ஆச்சி சொல்கிறாள், அது அப்பா வைத்ததில்லை, பெரியவன் போன வருடம் வைத்ததுதான், எடுக்கலாம் என்று.

பட்டறை அத்தான்: மாமா, என்னிடம் 4 அங்குல கிரைண்டர் இருக்கிறது. பாலிஷ் பேட் மாட்டினால் அரை மணி நேர வேலை. நாளை வரட்டுமா?

பாலிடெக்னிக் சித்தப்பா: வராதே. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். பட்டறைகளில் பாலிஷ் போடும் ரோட்டரி மெஷினையே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில்தான் வைப்பார்கள். அதிலேயே விளிம்பில் கொஞ்சம் நின்றால் சூடேறிப் பெயிண்ட் போய்விடும். என்னுடையது டூயல் ஆக்‌ஷன், சுற்றிக்கொண்டே ஆடும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் சுடாது. இரண்டடிக்கு இரண்டடி எடுத்துக்கொண்டு, பேட்டில் நாலு சொட்டு பாலிஷ் வைத்து, முதலில் மெஷினைப் பெயிண்ட்டில் வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். இல்லையென்றால் சுவரெல்லாம் பாலிஷ். நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை, நத்தை வேகம். ஒரே பூச்சுப் பெயிண்ட் என்பதால் பேட் சீக்கிரம் நீலத்தால் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி பிரஷால் சுத்தம் செய்ய வேண்டும், நாலைந்து பேட் வேண்டும். ஜன்னல் ரப்பர், பீடிங், நிக்கல் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். ரப்பரில் பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகவே நிற்கும். உத்தரப்பாராவில் அம்பாசடர் தொழிற்சாலையை 2014-இலேயே மூடிவிட்டார்கள், புது பீடிங்குக்கு எங்கே போவது? நீ கேட்டுக்கு வெல்டிங் வை, அது போதும்.

பட்டறை அத்தான்: கேட் என்றதும் ஞாபகம் வருகிறது. பின்பக்க இடது கதவுக் கோடு போகுமா?

மீனா: 🙈

பாலிடெக்னிக் சித்தப்பா: நகத்தை வைத்து இழுக்கும்போது மாட்டினால் அந்தக் கோடு பாலிஷில் போகாது. இதில் நகம் என்ன, விரலே மாட்டுகிறது. கோட்டின் ஓரத்தை மழுக்கலாம், அவ்வளவுதான்.

அப்பா: 1998-இல் சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்.

பெரியப்பா: சாவி யாரிடம் இருந்தால் என்ன? ஓட்டியது யார்?

நாகர்கோவில் அத்தை: நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா: பார்த்தாயே, சொல்.

நாகர்கோவில் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: என்ன சொன்னீர்கள் அத்தை?

பெரியம்மா: கல்யாணம் முடியட்டும்.

பெரியப்பா (இரவு 9:50): நாளை செவ்வாய். மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் மாலை 5 வரை கரண்டு இல்லை.

பாலிடெக்னிக் சித்தப்பா: இதை முன்னமே சொல்லக் கூடாதா? நாளைதான் மெஷின் வேலை என்று நினைத்தேன்.

பட்டறை அத்தான்: ஜெனரேட்டர் இருக்கிறது. கிரைண்டரும் இருக்கிறது.

பாலிடெக்னிக் சித்தப்பா: நாளை கழுவல், கிளே, டேப் ஒட்டுவது மட்டும். புதன் விடியற்காலை மெஷின். வெயில் ஏறிவிட்டால் தகடு சுடும், பாலிஷ் பேட்டிலேயே காய்ந்துவிடும்.

மீனா: கிளே என்றால் களிமண்ணா சித்தப்பா? கழுவிய பிறகு மண்ணா?

பாலிடெக்னிக் சித்தப்பா: மாவு மாதிரி இருக்கும் ஒரு கட்டி. ஷாம்பு தண்ணீரைத் தெளித்து லேசாக வழுக்கவிட்டால், கழுவியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசினையும் தூளையும் இழுத்துவிடும். தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கீழே விழுந்த கட்டியை மறுபடி தொடக் கூடாது, தூர எறிந்துவிட வேண்டும்.

செவ்வாய்

நாகர்கோவில் அத்தை (காலை 11:30): பூக்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பானட் நடுவில் ரோஜா வளையம், கூரையில் மல்லிகைச் சரம், நாலு கதவிலும் கொத்து. வியாழன் மதியம் வந்து ஒட்டிவிடுவார்.

பாலிடெக்னிக் சித்தப்பா: எதைக் கொண்டு ஒட்டுவார்?

நாகர்கோவில் அத்தை: செலோ டேப்தான்.

பாலிடெக்னிக் சித்தப்பா: அக்கா, கூடவே கூடாது. பாலிஷுக்குப் பிறகு மெழுகு பூசுவேன். அதன்மேல் டேப் நிற்காது. ஊர்வலம் பிள்ளையார் கோவிலைத் தாண்டுவதற்குள் ரோஜா தெருவில் கிடக்கும். மெழுகு பூசாமல் ஒட்டினாலோ, உரிக்கும்போது பட்டி பார்த்த இடத்தில் பெயிண்ட்டும் சேர்ந்து வரும்.

நாகர்கோவில் அத்தை: அப்படியென்றால் மெழுகு வேண்டாம்.

பாலிடெக்னிக் சித்தப்பா: மெழுகு இல்லாமல் இந்தப் பெயிண்ட் சீக்கிரம் மறுபடி வெளுக்கும். பூவை நூலில் கட்டச் சொல்லுங்கள். முன் கிரில், பம்பர், கண்ணாடிக் கம்பி, எத்தனை இடம் இருக்கிறது!

நாகர்கோவில் அத்தை: பானட் நடுவில் எதில் கட்டுவது? என் தம்பி மெழுகு பூசினான், அதனால் மாப்பிள்ளை கார் மொட்டையாக வந்தது என்று சம்பந்தி வீட்டில் சொல்லவா?

கார்த்தி: நான் ரோஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

அப்பா: காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? ஆர்சி 2023-இல் புதுப்பித்தது, 2028 வரை கவலையில்லை. இன்ஷூரன்ஸ் போன வருடம் நான் கட்டினேன். இந்த வருடம் அண்ணன் முறை.

பெரியப்பா: பீரோவில் பார்க்கிறேன்.

அப்பா: என்ஜின் வேலைக்கு நான் கொடுத்த ரசீதும் அங்கேதான் இருக்கும். அதையும் பாருங்கள்.

பெரியம்மா: பீரோ சாவி ஆச்சியிடம். ஆச்சி தூங்குகிறாள்.

புதன்

பாலிடெக்னிக் சித்தப்பா (காலை 7:15): [படம்]

மீனா: ஐயோ! இது நம் கார்தானா?

துபாய் அண்ணன்: ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளுப்பு. படத்தில் ஏதாவது வேலை செய்தீர்களா சித்தப்பா?

பாலிடெக்னிக் சித்தப்பா: பானட் நடுவில் டேப் ஒட்டி, இடது பாதியை மட்டும் முடித்தேன். டேப்பை உரித்துவிட்டு எடுத்த படம். மேலே மரம்கூடத் தெரிகிறது பார்.

பட்டறை அத்தான்: இப்படியே விட்டுவிடுங்கள் மாமா. ஒரு பக்கம் மாப்பிள்ளை வீடு, ஒரு பக்கம் பெண் வீடு.

நாகர்கோவில் அத்தை: நன்றாகத்தான் இருக்கிறது. ரோஜாவை வலது பக்கம் வைக்கலாமா?

பெரியப்பா: அம்மா வெளியே வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுக்கச் சொன்னாள்.

பாலிடெக்னிக் சித்தப்பா: பானட்டின் வலது பாதியும் கூரையும் வலது பக்கக் கதவுகளும் பாக்கி. ஒன்பதரைக்குள் முடியாது, மாலை ஐந்துக்கு மேல் மறுபடி தொடங்குவேன். ஒரு ஆள் துணைக்கு வேண்டும், பேட் சுத்தம் செய்ய. பேசாமல் செய்கிற ஆள்.

பட்டறை அத்தான்: நான்கு மணிக்கு நாகர்கோவிலிலிருந்து கிளம்புகிறேன். கிரைண்டர் இல்லாமல்.

அப்பா: இன்ஷூரன்ஸ் கிடைத்ததா?

துபாய் அண்ணன்: அப்பா, இன்னோவாவுக்கு முன்பணம் போட்டுவிட்டேன். இன்று மாலைக்குள் சொன்னால் திருப்பித் தருவார்கள். வேண்டுமா, வேண்டாமா?

அப்பா: அண்ணே?

பெரியப்பா: பீரோவில் பழைய ரசீதெல்லாம் வருகிறது, அது மட்டும் வரவில்லை. இருங்கள், சாயங்காலம் சொல்கிறேன்.