வெள்ளத்தில் ஒட்டிப்போன கடிதங்கள்: பிரிக்க ஆள் வேண்டும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எங்க பெரியப்பா பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்தவர். மனிதர்களை வைத்து நடந்த நோய்ச் சோதனைகளின் வரலாறுதான் அவருக்குக் கிறுக்கு. அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்களே, அது பற்றியும், 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு பற்றியும் (வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்று பார்த்தது, இது உருப்படியான ஆய்வு) பலரோடு எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை வண்ணார்பேட்டை வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, பெட்டியின் அடிப்பாகம் நனைந்துவிட்டது. நிழலில், ஃபேன் காற்றில் காயவைத்தோம். மேலே இருந்தவை தப்பின. அடியில் கிடந்த நீல ஏரோகிராம்கள் (வெளிநாட்டுத் தபாலுக்கு மடித்து ஒட்டும் மெல்லிய தாள்) அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கிடக்கு. வெற்று உறை ஒன்றை இட்லிக் கொப்பரை ஆவியில் காட்டிப் பார்த்தேன். பசை இளகியது, முகவரியில் இருந்த பேனா மையும் கூடவே ஓடிவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். டைப் அடித்தவை பரவாயில்லை, கையால் எழுதியவைதான் பயம். ஜெராக்ஸ் பிரதிகளில் எழுத்து பிளாஸ்டிக் உறையிலேயே ஒட்டிக்கொண்டது. இப்போது தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி வேறு. (இஸ்திரி போடு என்று மட்டும் யாரும் சொல்லாதீங்க.)

மை ஓடாமல் இந்தத் தாள்களைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர் நெல்லை, தூத்துக்குடி, மதுரைப் பக்கம் யாராவது இருக்காங்களா?