புதுப்பிப்பு: வயதான பூனைக்குச் சர்க்கரை நோய், சிரிஞ்சும் தீனியும்

12 வயதுப் பூனைக்கு டாக்டர் கிளார்ஜின் என்ற இன்சுலின் 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கியதைப் போன பதிவில் சொல்லியிருந்தேன். சிரிஞ்ச் பற்றிச் சொல்ல விட்டுப்போனது இது. கிளார்ஜின் யூ-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்), அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான். மருந்துக்கடையில் சிவப்பு மூடி யூ-40 சிரிஞ்சை (மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கானது) நீட்டினால் வாங்காதீர்கள். அதில் 1 யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் இன்னும் நல்லது.

உலர் தீனியை விட்டு மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனிக்கு மாற்றினால் இன்சுலின் தேவை சட்டென இறங்கலாம். அந்த வாரங்களில் ஊசிக்கு முன் காது ஓரத்தில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். சாப்பிடவில்லையா, ஊசி போடுமுன் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை 60 mg/dLக்குக் கீழே போய்த் தள்ளாடினால் ஈறில் தேன் தடவிக்கொண்டே கிளினிக்குக்கு ஓடுங்கள்.

கிளினிக்கில் எடுக்கும் ஒற்றைச் சர்க்கரை அளவு, பூனைக்குப் பயத்திலேயே ஏறும். கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.